திருவருகைக் காலத்தில் கடவுளின் திட்டத்தை நம்புவது: நாம் செய்யும் சில தவறுகள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய தயாரிப்பு வாரங்களான திருவருகைக் காலம் தொடங்கும்போது நம்மில் பலர் ஒரு பட்டியலோடுதான் ஆண்டவர் முன் போய் நிற்கிறோம். வேலை, திருமணம், குழந்தை, கடன், நோய். "இந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஒரு வழி காட்டும் ஆண்டவரே" என்று கேட்கிறோம். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த மன்றாட்டுக்குள் நமக்கே தெரியாமல் ஒரு கெடு நுழைந்துவிடுகிறது. டிசம்பர் 25 வந்து, கேட்டது வராமல் போனால், குடிலுக்கு முன்னால் முழந்தாளிடக்கூட மனம் வருவதில்லை.

நானும் அப்படி ஒரு கிறிஸ்துமஸைக் கழித்திருக்கிறேன். வேலை இல்லாமல் இருந்த வருடம் அது. நான்கு வாரமும் ஒரு நாள் விடாமல் திருப்பலிக்குப் போனேன். நள்ளிரவுத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடத் தொடங்கியபோது வாய் திறக்க முடியவில்லை. கடவுள் சொன்ன சொல் தவறிவிட்டார் என்று கோபம். அந்தத் தேதியை அவர் சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன் என்பது புரிய வெகுநாள் ஆனது.

இப்படிக் கெடு வைக்கும்போது நாம் துணைக்கு அழைக்கும் வசனம் பெரும்பாலும் எரேமியா 29:11. உங்களுக்காக நான் வைத்திருக்கும் திட்டங்கள் கேட்டுக்கல்ல, நல்வாழ்வுக்கே என்று ஆண்டவர் சொல்லும் இடம். அழகான வசனம்தான். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை யாரும் வாழ்த்து அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனில் 70 ஆண்டுகள் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப அழைத்து வருவேன் என்கிறது 29:10. எரேமியா எழுதியது எருசலேமிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களுக்கான கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலேயே இறந்துபோயிருப்பார்கள். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் இறைவாக்கினர் வருகிறார். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கேட்க இனிமையாக இருந்தது அவர் பேச்சு. ஆனால் அவர் பொய் சொன்னார்.

சரி, அந்த 70 ஆண்டுகள் மக்கள் என்ன செய்ய வேண்டுமாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறது அதே கடிதம். கடவுளின் திட்டத்தை நம்புவது என்றால், அந்நிய மண்ணில் காய்கறி பயிரிடுவது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. ஆண்டவரின் அடிமை நான் என்று சொன்ன மரியா அடுத்துச் செய்தது என்ன? மலைநாட்டுக்கு விரைந்து போனார். தன் உறவினர் எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். அதுதான் பொறுத்திருத்தல். நம்பிக்கையின் பெயரால் மருந்தை நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. மருத்துவரை மதி, நிலத்திலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்று விவிலியத்தின் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. கோவில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னது அலகை, அதாவது சாத்தான். அதுவும் திருப்பாடலை மேற்கோள் காட்டித்தான் சொன்னது.

அப்புறம், கேள்வி கேட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் என்ற பயம். அப்படி இல்லை. "இது எப்படி நிகழும்?" என்று மரியாவே கேட்டார். திருமுழுக்கு யோவான் சிறையில் இருந்தபடி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். வந்தவர்கள் போன பிறகு கூட்டத்தின் முன் யோவானைப் புகழ்ந்தார். செபத்தில் அழுகை வந்தால் அழலாம். கோபம் வந்தால் அதையும் சொல்லலாம். திருப்பாடல் 13 "எத்தனை நாள்?" என்ற புலம்பலோடுதான் தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் அதிகம் காயப்படுத்தும் தவறு, அடுத்தவர் துயரத்துக்கு நாம் விளக்கம் சொல்வது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, வீட்டில் ஒருவரை இழந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கனமாக இருக்கும். அவர்களிடம் போய் "எல்லாம் கடவுளின் திட்டம்" என்று சொல்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது, "உன் பிள்ளையை எடுக்கவேண்டும் என்று கடவுள் திட்டமிட்டார்" என்றுதான் விழும். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. கடவுளின் சார்பில் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் ஆண்டவர் சினந்துகொண்டது புலம்பிய யோபுவிடம் அல்ல, அந்த நண்பர்களிடம். தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒருவர் தானாகவே "இது அவர் நடத்தியது" என்று சொன்னால் அது சாட்சி. அதையே நாம் அவருக்காகச் சொல்லக் கூடாது. பக்கத்தில் உட்காருங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

தயாரிப்பைப் பற்றியும் கொஞ்சம். திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது; வருடத்தைப் பொறுத்து 22 முதல் 28 நாள். 2026இல் நவம்பர் 29. டிசம்பர் 16 வரை வழிபாடு ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கியே நம்மைத் திருப்புகிறது. 17இலிருந்துதான் பெத்லகேமுக்கு நெருங்குகிறோம். முதல் நாளிலிருந்தே கிறிஸ்துமஸ் பாட்டும் கடையுமாக ஓடிவிட்டால், காத்திருக்கப் பழகும் அந்த இரண்டு மூன்று வாரங்கள் கைநழுவிப் போகும். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை 24ஆம் தேதி மாலைக்குத் தள்ளிப்போட வேண்டாம். பெரிய பெரிய தீர்மானங்கள் பெரும்பாலும் முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை. லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம். டிசம்பர் 1இலிருந்து நாளுக்கு ஒன்று படித்தால் 24ஆம் தேதி முடிந்துவிடும். அது போதும்.

டிசம்பர் 18 திருப்பலியில் யோசேப்பின் கனவு வாசிக்கப்படும். மத்தேயுவில் யோசேப்புக்கு நான்கு கனவுகள். மரியாவை ஏற்றுக்கொள், எகிப்துக்கு ஓடு, இஸ்ரயேலுக்குத் திரும்பு, கடைசியாக யூதேயாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு கனவிலும் அடுத்த அடி மட்டும்தான். எகிப்தில் எத்தனை நாள் என்றுகூடச் சொல்லவில்லை, நான் சொல்லும்வரை அங்கேயே இரு என்றார் தூதர். முழுத் திட்டமும் அவருக்குக் காட்டப்படவே இல்லை. யோசேப்பு பேசிய ஒரு சொல்கூட நற்செய்திகளில் இல்லை. எழுந்தார், செய்தார் என்று மட்டும் இருக்கிறது.

இப்போதெல்லாம் இரவு செபத்தில் "என் வாழ்க்கைக்கு உம் திட்டம் என்ன?" என்று நான் கேட்பதில்லை. "நாளைக்கு நான் செய்ய வேண்டியது எது?" என்று மட்டும் கேட்கிறேன். மனதில் வருவதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கிறேன். பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். பேச்சு நின்றுபோன அண்ணனுக்கு ஒரு போன். வாங்கிய கடனில் ஒரு பகுதி. மருத்துவமனையில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்ப்பது.