கீழே இறங்கிய குண்டுகளும் டம்மி தோட்டாப் பயிற்சியும்

பாளையங்கோட்டையில் நான் பயிற்சி பெறும் துப்பாக்கி சுடும் கழகத்தில், 50 மீட்டர் இலக்கில் என் .22 ரைபிளின் குண்டுகள் தொடர்ந்து கீழே இறங்கின. ஆடி மாத மேல்காற்றுதான் காரணம் என்றார்கள் நண்பர்கள். ஆனால் குறுக்கே வீசும் காற்று குண்டைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும் என்பதால், அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

மூத்த பயிற்சியாளர் ஒருவர், உண்மைத் தோட்டாவா வெடிக்காத டம்மியா என்று காட்டாமலேயே ரைபிளை நிரப்பித் தந்தார். டம்மி இருந்தபோது சத்தமும் உதைப்பும் இல்லாததால், விசையை இழுத்த கணத்திலேயே குழல்முனை சட்டென்று தாழ்வது தெளிவாகத் தெரிந்தது. வெடிச்சத்தத்தை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே இறுகியதுதான் கோளாறு.

அதன்பின் வீட்டில் தினமும், உண்மைத் தோட்டா இல்லாமல் விசையை மட்டும் இழுக்கும் வெற்றுச்சுடு பயிற்சி செய்தேன். .22 தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசி அதன் விளிம்பில் அடிக்கும் என்பதால், தோட்டா அமரும் சேம்பர் காலியாக இருந்தால் அந்த அடி சேம்பரின் ஓரத்திலேயே விழுந்து அதை நசுக்கக்கூடும். ஆகவே ஊசியின் அடியைத் தாங்குவதற்கென்றே செய்த டம்மியைத்தான் போட வேண்டும். விளிம்பில் பள்ளம் விழுந்ததும் அதைச் சற்றுத் திருப்பிப் போடுவேன். சுற்றிலும் பள்ளமானால் தூக்கி எறிந்துவிடுவேன்.

விசையை இழுத்த பிறகும் குழல்முனையிலுள்ள முன்குறி அசையாமல் நிற்கப் பழகியதும், இலக்கில் குண்டுகள் நடுவுக்கு ஏறின.

பயிற்சிக்கு முன் உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, குழலைக் கெட்டியான சுவரை நோக்கியே பிடிப்பேன். பித்தளை நிற டம்மியை நான் வாங்குவதே இல்லை; சிவப்பு நிறமென்றால் எவர் கண்ணுக்கும் உடனே வேறுபாடு தெரியும்.