அடிமுத்திரையை நம்பி வாங்காதீர்கள்: நாடகத்தில் பிறந்த பிரெஞ்சுப் பீங்கான் உருவங்கள்

18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பீங்கான் உருவம் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் அடிப்பாகத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னிப் பிணைந்த இரண்டு ‘எல்’ நீல நிறத்தில் தெரிந்தால் போதும், பிரான்சின் புகழ்பெற்ற அரச பீங்கான் பட்டறையான செவ்ர் செய்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பீங்கான் உலகில் அதிகம் போலி செய்யப்பட்ட முத்திரைகளில் அது ஒன்று. போதாததற்கு, செவ்ரின் முன்னோடியான வின்சென் பட்டறை 1750களின் தொடக்கத்தில் செய்யத் தொடங்கிய பளபளப்புப் பூச்சில்லாத வெள்ளை உருவங்களில் அந்த முத்திரை பொதுவாக இருக்காது. 1756இல் பட்டறை செவ்ருக்கு இடம்பெயர்ந்த பிறகும் அப்படித்தான். இருந்தால் கீறிய எழுத்து ஏதாவது இருக்கும். ‘எஃப்’ என்றால் 1757 முதல் 1766 வரை சிற்பப் பிரிவை நடத்திய சிற்பி ஃபால்கோனே காலத்தது என்று பெரும்பாலும் கொள்வார்கள். பூச்சில்லாத உருவத்தில் நீல முத்திரை பளிச்சென்று தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

முத்திரையைவிட நாடகத்தைத் தெரிந்துகொள்வது பயன் தரும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நாடக ஆசிரியர் ஃபவார் 1745இல் பாரிஸ் சந்தை அரங்கில் ‘தெம்பேயின் திராட்சை அறுவடை’ என்ற ஊமை நாடகத்தை அரங்கேற்றினார். அதன் காட்சிகளை ஓவியர் பூஷே வரைந்தார். வின்சென் பட்டறை அவற்றை உருவங்களாக வடித்தது. காதலிக்குத் திராட்சை ஊட்டும் இளைஞன், குழல் பழக்கும் இளைஞன் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள். விற்பவர் சீட்டில் ‘இடையனும் இடைச்சியும்’ என்று மட்டும் இருக்கும். ஆனால் எல்லா இடையர்களையும் மேடைக்கு ஏற்றிவிடவும் கூடாது. பூஷே நாடகத்தோடு தொடர்பில்லாத இடையர்களையும் ஏராளமாக வரைந்தவர்.

இத்தாலிய நாடகத்தின் முகமூடி போட்ட கோமாளி ஹார்லெக்வினைக் கண்டதும் பிரெஞ்சு என்று சொல்வதும் அவசரம். 1728இல் பாரிஸில் நடிகர் ரிக்கோபோனி வெளியிட்ட இத்தாலிய நாடக வரலாற்று நூலின் செதுக்குப் படங்களைப் பார்த்து, ஜெர்மனியின் மைசன் பட்டறை 1740களில் ஒரு வரிசையையே செய்திருக்கிறது. மென்னெசி போன்ற பிரெஞ்சுப் பட்டறைகளும் இந்தக் கோமாளிகளைச் செய்தன. வேறுபாடு மண்ணில். மைசன் செய்தது கயோலின் என்ற வெண்களிமண் சேர்ந்த கடினப் பீங்கான். 1768இல் லிமோஜ் அருகே கயோலின் கிடைக்கும்வரை பாரிஸ் வட்டாரப் பட்டறைகள் கயோலின் இல்லாத மென்பீங்கானையே நம்பியிருந்தன. அதன் வெண்மையில் பாலாடையின் சாயல் இருக்கும், பூச்சு மடிப்புகளில் தேங்கி நிற்கும். 1845இல் பாரிஸில் தொடங்கிய சாம்சன் நிறுவனத்தின் நகல்கள் பெரும்பாலும் கடினப் பீங்கான். குளிர்ந்த வெண்மை உடனே காட்டிக்கொடுக்கும். ஊசியால் கீறிச் சோதிக்கும் பழைய வழக்கம் வேண்டாம், பொருள்தான் கெடும்.

உயரத்தை அளக்காமல் வாங்குவது இன்னொரு பிழை. சுட்டெடுத்த உருவத்தின் மேல் அச்செடுத்து மறுபடி வார்த்தால், புது மண் சூளையில் சுருங்கும். நகல் மூலத்தைவிடச் சிறுக்கும், விரல்களும் சுருள்முடியும் மழுங்கும். அருங்காட்சியகப் பதிவிலுள்ள உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரல், தொப்பி விளிம்பு ஒட்டப்பட்டிருந்தால் ஒதுக்க வேண்டியதில்லை. இருநூற்றைம்பது வருடத்தில் ஒரு விரல்கூடப் போகாத உருவம்தான் என்னை யோசிக்க வைக்கும். புற ஊதா விளக்கில் பார்த்தால் பழுதுபார்த்தபோது பிற்காலத்தில் தடவிய பூச்சு பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். வாங்கிய பிறகு தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்: பழைய பசை விட்டுப்போகும், பூச்சில்லாத பரப்பு அழுக்கு நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். மென்மையான தூரிகை போதும்.