லினக்ஸில் வீட்டுக் கணக்கு: மென்பொருள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பா பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டார். அப்புறம் வரவு செலவு எழுத மென்பொருள் தேடினார். வட்ட வரைபடம் அழகாக இருக்கிறது என்று ஹோம்பேங்கை எடுத்தார். நல்ல மென்பொருள்தான், ஆனால் அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட் அதில் ஏறவே இல்லை.

தோற்றத்தைப் பார்க்கிறோம், வங்கி தரும் கோப்பு உள்ளே போகுமா என்று பார்ப்பதில்லை. பெரிய தவறு இதுதான். சித்தப்பாவின் வங்கி தந்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) திறந்தால் மேலே பெயர், முகவரி, கிளை என்று பதினெட்டு வரிகள். எடுத்த பணம் மேலிருந்து கீழாகப் போகும் ஒரு பத்தியில், போட்ட பணம் இன்னொரு பத்தியில். ஹோம்பேங்கோ தொகையை ஒரே பத்தியில், செலவென்றால் கழித்தல் குறியோடு கேட்கும். க்னூகேஷ் என்ற இன்னொரு கணக்கு மென்பொருளில் மேல்வரிகளைத் தள்ளிவிடலாம், இரண்டு பத்திகளையும் தனித்தனியாகக் காட்டலாம், தேதி எந்த வரிசையில் இருக்கிறது என்றும் சொல்லலாம். அதைச் சொல்ல மறந்தால் 05/04 என்பது ஏப்ரல் 5 இல்லாமல் மே 4 ஆகிவிடக்கூடும். மாதத்தின் முதல் 12 நாட்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. அதனால் எதை நிறுவினாலும் முதலில் ஒரே ஒரு மாத ஸ்டேட்மென்டை ஏற்றி, கடைசி இருப்பு பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சீட்டு. மாதம் கட்டும் 5,000 ரூபாயைச் செலவு என்று எழுதினால், சீட்டு எடுக்கும் மாதத்தில் பெரிய வருமானம் வந்ததுபோலக் கணக்கு காட்டும். எடுக்கும்வரை கட்டியது நம் சொத்து, எடுத்தபின் கட்டுவது கடன். நகைக்கடனும் அப்படித்தான்: அசல் வேறு, வட்டி வேறு. ஒவ்வொரு தொகையும் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று இரண்டு பக்கமும் எழுதுவது இரட்டைப் பதிவு முறை. அப்படி இயங்கும் க்னூகேஷ், கேமைமணி ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் இதைப் பிசகாமல் எழுதலாம்.

விண்டோஸில் பழகிய மென்பொருளை, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கும் வைன் வழியாக ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு புதுப்பிப்பில் அது நின்றுபோனால் பல வருடக் கணக்கும் உள்ளே மாட்டிக்கொள்ளும். வேண்டாம்.

நிதியாண்டையும் கவனியுங்கள். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை அறிக்கை எடுக்க வர வேண்டும். க்னூகேஷின் விருப்பத்தேர்வுகளில் இந்தத் தேதிகளை அமைக்கலாம், ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் மாற்ற வேண்டும்.

க்னூகேஷ் தானாகவே பழைய நகல்களைச் சேமிக்கும், ஆனால் அதே கோப்புறையில்தான். டிஸ்க் போனால் எல்லாமே போகும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரில் நம் வீடுகளை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்தப்பா இப்போது மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, நெய்வேலியில் இருக்கும் அத்தை வீட்டு பீரோவில் வைக்கிறார்.