யூதர்களோட தடைகள்ல எது அறம், எது வெறும் கட்டளை: பிரிச்சுப் பார்க்கிறது எப்படி

யூத மரபுல மொத்தம் 613 கட்டளைன்னு கணக்கு, அதுல 365 "செய்யாதே" வகை. இத மொத்தமா தூக்கிப் போட்டு ஒழுக்கமா மூடநம்பிக்கையான்னு கேட்டா சண்டைதான் வரும், ஒண்ணொண்ணா எடுங்க.

மொதல்ல, தடை வெளியாளுக்கும் பொருந்துமான்னு பாருங்க. மீனுக்கு செதிலும் துடுப்பும் இருக்கணும்கிறது சட்டம், அதனால கெண்டை ஓகே, கெளுத்தி ஆகாது, நண்டு இறால் சுத்தமா ஆகாது. ஆனா நாகப்பட்டினத்துல நீங்க நண்டு தின்னா அவங்க கணக்குல அது தப்பே இல்ல. யூதர்களோட வேதத்துல ஒரு புத்தகம் உபாகமம், அதுல 14:21 இன்னும் பளிச்சுனு இருக்கும், தானா செத்தத நீ தின்னாத, வேணும்னா அந்நியனுக்கு வித்துடுங்குது. அறப்பிழைன்னா விக்கச் சொல்லுவாங்களா? நம்ம புரட்டாசி விரதம் மாதிரிதான், பக்கத்து வீட்டு கோழிக்குழம்ப யாரும் பாவம்னு சொல்றதில்ல. கொலை, திருட்டு அப்படி இல்ல, அதெல்லாம் பெருவெள்ளத்துல தப்பிச்ச நோவாவோட பேர்ல இருக்கிற ஏழு சட்டத்துல வருது, அது மனுசங்க எல்லாருக்கும்.

அடுத்து, மீறினா அடிபடுறது யாரு? கம்பளியும் லினனும் கலந்த துணி போடாதேன்னு ஒரு சட்டம், போட்டா யாருக்கும் நஷ்டமில்ல. யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டுல அதுக்கும் காரணம் சொன்னார், சிலை கும்புடுற பூசாரிங்க அப்படி உடுத்துனாங்கன்னு, எனக்கு அது கொஞ்சம் இழுத்துப் பிடிச்ச மாதிரிதான் படுது. ஆனா உபாகமம் 19:14, அடுத்தவன் எல்லைக்கல்ல நகர்த்தாதே. இத டெல்டாக்காரனுக்கு விளக்கணுமா என்ன? நடவுக்கு முன்னாடி வரப்பு சரி பண்றேன்னு மம்பட்டிய எடுத்துக்கிட்டு போயி வருசத்துக்கு ரெண்டு விரக்கடை சீவுறவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான்.

மூணாவது, உயிர் போற நேரத்துல சட்டம் தளருமா? ஓய்வுநாள்ல வேலை செய்யாதேங்கிறது, சாப்பாட்டுத் தடை எல்லாம் தளரும், உயிர காப்பாத்த மீறித்தான் ஆகணும். தளராதது மூணு: கொலை, தகாத உறவு, சிலை வழிபாடு. தெருவுக்கு ஒரு கோயில் இருக்கிற கும்பகோணத்துல கடைசி ஒண்ணு இடிக்கும், அதனால இந்த சோதனைய மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

"ஊருக்கு ஊர் மாறுதே, அப்ப அறமே அவங்கவங்க இஷ்டம்தானே"ன்னு ஒருத்தர் வருவார். தலைமடையில மதக அடைச்சு கடைமடைக்கு தண்ணி விடாதவர்கிட்ட இதக் கேளுங்க, நியாயம் ஆளுக்கு ஆள் மாறும்பார், அவருக்கு மேல உள்ளவர் அதையே செஞ்சா அன்னிக்கே மறியல். வெறும் ருசி விஷயம்னா மறியல் எதுக்கு? அது பொதுநலன் பத்துன உடன்பாடு, பிரபஞ்ச உண்மையெல்லாம் இல்லம்பாங்க சிலர், அந்த வாதத்துக்கு பலம் இருக்கு, ஆனா அப்பவும் அது தனியாளோட இஷ்டம் இல்லையே.

சிலது ரெண்டு பக்கமும் இழுக்கும். கூட்டுல முட்டை எடுக்குறப்ப தாய்ப்பறவைய விரட்டிட்டு எடுன்னு உபாகமம் 22:6, இது இரக்கம்னு மைமோனிடிஸ், யூத சட்ட விவாதத் தொகுப்பான தால்முட்ல ஒரு தரப்பு இது வெறும் ஆணைதான்னு. அப்படி வந்தா ரெண்டையும் குறிச்சு வச்சுட்டு அடுத்ததுக்கு போயிடுங்க.