எங்கே நின்று எடுத்தீர்கள்? கட்டடப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கேமராவோடு போன முதல் தடவை, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் காலடிக்கே போய், அகல லென்ஸை அண்ணாந்து பிடித்து, உச்சி வரை ஒரே படத்தில் அடக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் விமானம் பின்பக்கம் சரிவதுபோல் இருந்தது. கேமராவைச் சாய்த்தால் நேர்க்கோடுகள் மேலே போகப் போக நெருங்கத்தான் செய்யும். சரி, கணினியில் நிமிர்த்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது அதைவிடப் பெரிய தவறாகப் போயிற்று.

அந்த விமானம் கீழே இரண்டு தள உயரத்துக்கு நேர்ச்சுவர். அதற்கு மேல் பதின்மூன்று நிலைகளாக ஒடுங்கி எழுகிறது. ஒடுங்கும் விளிம்பையே அளவாகப் பிடித்து நிமிர்த்தினால், சோழர்கள் கட்டிய சரிவும் சேர்ந்து அழிந்துவிடும், உச்சி பருத்துப்போகும். இணையத்தில் சுற்றும் கோபுரப் படங்கள் பலவற்றில் இந்தப் பிழையைப் பார்க்கிறேன். நிமிர்த்துவதாக இருந்தால் கீழ்த்தளத்து அரைத்தூண்கள், வாசலின் நிலைக்கால் போன்று தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பவற்றை மட்டும் அளவாகக் கொள்ளுங்கள். அதைவிட நல்லது, பின்னால் நடப்பது. மதிலை ஒட்டிய சுற்றுமாளிகை வரை போய், ரசமட்டம் பார்த்து கேமராவை நேராகப் பிடித்தால் விமானம் தானாக நிமிர்ந்து நிற்கும். கீழே கூடுதலாக விழும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

வெளிச்சத்தைப் பற்றிய தவறு, குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகங்களை அப்படியே நம்புவதால் வருகிறது. ‘வடக்குச் சுவரில் நேர் வெயில் விழாது’ என்று படித்துவிட்டு அந்தப் பக்கமே போகாதவர்கள் உண்டு. தஞ்சை பூமத்திய ரேகைக்குப் பதினோரு பாகைக்குள் இருக்கிறது. சித்திரை முதல் வாரம் கழிந்து ஆவணி முதல் வாரம் வரை இங்கே நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. மார்கழியில் தெற்குச் சுவர் நாள் முழுக்க வெளிச்சத்தில் நிற்கும். கோயில் கிழக்குப் பார்த்தது என்பதால் முகப்புக்குக் காலை, பின்புறத்துக்கு மாலை. ஒரே நாளில் நாலு பக்கமும் எடுத்து முடிக்க நினைத்தால் ஏதாவது ஒரு பக்கம் ஏமாற்றும். இரண்டு பருவம் பாருங்கள்.

வானத்தை மாற்றாதீர்கள். 1850களில் மெட்ராஸ் அரசுக்காகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், நெகட்டிவ்மீது சாயம் தீட்டி மேகம் வரைந்திருக்கிறார். அன்றைய ரசாயனத்தில் வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும், அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மென்பொருள் ஒட்டும் மேகத்தில் சூரியன் ஒரு பக்கமும், சுவரில் விழும் நிழல் இன்னொரு பக்கமுமாகக் கிடப்பதைக் கட்டடம் தெரிந்த கண் உடனே பிடித்துவிடும். டிரைப்பிடம் கற்க வேண்டியது வேறு. 1858இல் அவர் பெரிய கோயில் விமானத்தின் அடிச்சுவரில் ஓடும் கல்வெட்டுகளைச் சுவரோடு ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம். கல்வெட்டைப் படிக்கிறவர் எப்படி நடப்பாரோ, அப்படியே அந்தப் படமும் நடக்கிறது. எனக்கு இன்றைக்கும் அதுதான் பாடம்.

வீடுகளுக்குள் போனால் தவறின் சாயல் மாறுகிறது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவை, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியை, 14 மிமீ அகல லென்ஸில் எடுத்தேன். சென்னையில் கண்காட்சி வைத்தபோது அந்த வீட்டு ஆச்சி வந்திருந்தார். படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “என்னப்பா, எங்க வளவு இம்புட்டுப் பெருசா இருக்காதே” என்றார். அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. அதற்குப் பிறகு உள்ளறைகளில் 24 மிமீக்குக் கீழே நான் இறங்குவதில்லை. அறை முழுவதும் ஒரே படத்தில் வராது, வரவும் வேண்டாம். இன்னொன்று, உள்ளே போனதும் எல்லா விளக்கையும் போடாதீர்கள். அந்த வீடுகளில் முற்றத்தில் இறங்கும் வெயில் தரையில் பட்டு, மெருகேறிய சுண்ணாம்புச் சுவரில் மெல்ல ஏறும். ட்யூப்லைட்டைப் போட்ட நிமிடம் அது செத்துவிடும்; சுவர் ஒரு மூலையில் நீலம், ஒரு மூலையில் மஞ்சள்.

ஆட்களை விரட்டிவிட்டு எடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் திண்ணையின் உயரம் புரிகிறது.

கண்காட்சி வைக்கும்போது செய்யும் முதல் தவறு, நல்ல படங்களை மட்டும் பொறுக்கி மாட்டுவது. நானும் அப்படித்தான் செய்தேன். வளவு முதலில், திண்ணை கடைசியில், நடுவில் வேறொரு ஊர்த் தூண். பார்த்தவர்கள் “அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நடக்கிற வரிசையில் மாட்டினால்தான் அந்த நீளம் பார்ப்பவருக்குக் கிடைக்கும். இடையில் ஒரு சுமாரான படம் தேவைப்பட்டால் அதையும் மாட்டுங்கள்.

கண்ணாடி போட்ட படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார். படத்தின் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும்.

படத்துக்குக் கீழே ‘ஒளியும் நிழலும்’ என்று தலைப்பு வைப்பதை விட்டுவிட்டு, ஊர், மாதம், நேரம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதுங்கள். கட்டிய கொத்தனார், தச்சர் பெயர் வீட்டாருக்குத் தெரிந்திருந்தால் கேட்டு அதையும் சேருங்கள். பக்கத்தில் வீட்டின் வரைபடம் ஒன்றை மாட்டி, ஒவ்வொரு படத்துக்கும் நான் நின்ற இடத்தில் ஒரு புள்ளியும் எண்ணும் போட்டு வைக்கிறேன். பிள்ளைகள் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு, திரும்பி அந்த எண்ணுள்ள படத்தைத் தேடுகிறார்கள்.