ஆலோசகரையும் அதே தாளில் வரையுங்கள்

தருமபுரியில், பள்ளிப் பிள்ளைகளோடு பேசி உதவும் இளம் ஆலோசகர்களுக்கு மேற்பார்வை பார்க்கிறேன். "அந்தப் பையன் வாயே திறப்பதில்லை, என்ன செய்வது மேடம்?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். என்னைப் போல மேற்பார்வை பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன், உடனே யோசனை சொல்லிவிடாதீர்கள். வெள்ளைத் தாளை நீட்டி, குடும்ப வரைபடம் போடச் சொல்லுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை.

நம் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேர் ஊரில் இருப்பதில்லை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அக்கா திருப்பூரில், பையன் பென்னாகரத்தில் பாட்டியோடு. யார் எப்போது வருகிறார், செலவுப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை. ஆலோசகர், பையனை அனுப்பிய வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், நீங்கள் என எல்லோரையும் அதே தாளில் கொண்டுவாருங்கள். சொல்வதெல்லாம் தலைமையாசிரியர் காதுக்குப் போகும் என்று பையன் நினைத்தால் எப்படிப் பேசுவான்?

பிறகு, இத்தாலியின் மிலான் குழு என்ற குடும்ப சிகிச்சையாளர்கள் 1980-இல் எழுதி வைத்த சுழற்சிக் கேள்விகள், அதாவது ஒருவர் நடப்பது மற்றவரை எப்படித் தொடுகிறது என்று கேட்பவை. 'ஏன் பேசவில்லை' என்பதை விடுங்கள். "அவன் பேசாவிட்டால் முதலில் பதறுவது யார்? அப்பா வந்திருக்கும்போது பேச்சு கூடுகிறதா, குறைகிறதா?" என்று கேளுங்கள். ஒரு ஆலோசகர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "வீட்டில் யாரும் பதறவில்லை மேடம், நான்தான்" என்றார். மாதக் கடைசியில் அவர் அலுவலகத்துக்குத் தரும் படிவத்தில் 'முன்னேற்றம்' என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்பியாக வேண்டும். அலுவலகம் அவரை விரட்ட, அவர் பையனை விரட்ட, என்னிடமும் அதே அவசரத்தோடு வந்திருந்தார். அன்றைய நேரம் முழுக்க அந்தக் கட்டத்தைப் பற்றியே பேசினோம்.

நாலு பேர் சேர்ந்தால் நார்வேயின் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் 1985-இல் தொடங்கிய முறை நன்றாக எடுபடும். ஒருவர் சொல்ல, நீங்கள் கேள்வி கேட்க, மற்ற இருவரும் வாய் மூடிக் கேட்கட்டும். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசட்டும், புத்திமதி கூடாது. கடைசி வார்த்தை, முதலில் பிரச்சினையைச் சொன்னவருக்கே. மறைவாக நின்று பார்க்கும் கண்ணாடி அறையெல்லாம் வேண்டாம், உட்காரப் பாய் போதும்.

ஆனால் பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் தாளை மடித்துவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். குழந்தைக்குப் பாலியல் வன்முறை என்றால் தகவல் தருவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி கட்டாயம். அந்த இடத்தில் நடுநிலை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

தாளில் பெயரும் ஊரும் வேண்டாம். சின்ன ஊர்களில் தெருவைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.