எம்டன் இரவும் ஒரு மட்டக்குதிரையும்: சிறுவர்களுக்கான சரித்திர சாகசக் கதை எழுதும் முறை

விலங்குகளை நாயகர்களாக வைத்துச் சிறுவர்களுக்குச் சரித்திரக் கதை எழுத விரும்புவோர், முதலில் ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்வது நல்லது. சென்னைக்கு நான் பரிந்துரைப்பது 1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போரின்போது எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் அன்றிரவு நகரின் மீது குண்டு வீச, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அடுத்து வந்த நாட்களில் மக்கள் பலர் ஊரை விட்டே வெளியேறினார்கள்.

இரண்டாவதாக, அந்த நேரத்தில் அங்கே இருக்கக் காரணமுள்ள விலங்கைத் தேடுங்கள். ஜட்கா என்ற சவாரி வண்டியை இழுக்கும் மட்டக்குதிரை என்றால், பாரிமுனையில் சவாரிக்குக் காத்து நின்றது என்பதே போதும். புலியைக் கொண்டுவந்தால், அது எப்படி வந்தது என்று விளக்குவதிலேயே பாதிக் கதை தீர்ந்துவிடும்.

மூன்றாவது படியில் அவசரம் கூடாது. குதிரைக்கு ஜெர்மனியும் தெரியாது, போரும் தெரியாது. அதற்கு என்ன தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் காதுகள் தனித்தனியே திரும்பக்கூடியவை. ஆகவே ஒரு காது கடல் பக்கமும் மற்றொன்று வண்டிக்காரர் பக்கமுமாக நிற்கும் கணத்திலேயே ஆபத்தைத் தொடங்கிவிடலாம். கண்ணின் ஓரங்களைத் தோல் பட்டையால் மறைத்திருப்பதால் பக்கவாட்டில் எரியும் தீ அதற்குத் தெரியாது. எண்ணெய் வாடையும் எதிர்ச்சுவரில் ஆடும் செவ்வொளியுமே அதற்குச் செய்தி சொல்ல வேண்டும். ‘வண்டிக்காரரின் கை நடுங்குவது கடிவாளத்தின் வழியே அதன் வாய்க்குத் தெரிந்தது’ என்று எழுதினால், அச்சத்தை விளக்க வேறு வாக்கியம் தேவைப்படாது. கப்பலின் பெயரை மறுநாள் தெருவில் யாரேனும் சொல்லட்டும்.

நான்காவதாக, குதிரை ஓடும் வழியை நீங்களே நடந்து பாருங்கள். 1895 முதல் சென்னையில் மின்சார டிராம் ஓடியது என்பதை நினைவில் வைத்தால், இருளில் தண்டவாளம் குளம்பில் இடறும் காட்சி தானாகவே கிடைக்கும்.

விலங்குகள் தமக்குள் பேசிக்கொள்ளலாம். மனிதர்களோடு பேசினால் அந்த இரவின் உண்மை தளர்ந்துவிடும் என்பது என் கருத்து. கதையின் முதல் வரைவை எழுதி முடித்ததும் ஒரு குழந்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, ‘ஏன்?’ என்று அது கேட்கும் இடங்களை மட்டும் திருத்தி எழுதுங்கள்.